எருமேட்டுக்கு ஒரு பழைய ஆங்கிலப் பெயர்: வாசகர் கேள்வி பதில்

ஆங்கிலத்தில் எருமேட்டைக் குறிக்கும் ‘மிடன்’ என்ற சொல்லைப் பற்றியும் அதன் உறவுச் சொற்களைப் பற்றியும் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் மகள் ஒரு ஸ்காட்லாந்துக் கதையில் ‘மிடன்’ என்ற சொல்லைப் பார்த்தாள். ஓர் அகராதி ‘குப்பைமேடு’ என்கிறது, இன்னொன்று ‘சாணக் குவியல்’ என்கிறது. முற்றத்துக்கு நடுவே இருப்பதால் ‘மிடில்’ என்பதிலிருந்து வந்த பெயர் என்கிறாள் அவளுடைய தோழி. எது சரி?
— வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: அகராதிகள் இரண்டும் சொல்வது சரி. தோழி சொல்வது ஒலி ஒற்றுமையை வைத்துச் செய்த ஊகம். ‘மிடில்’ என்பதற்கும் இதற்கும் உறவே கிடையாது.

ஒன்பதாம் நூற்றாண்டில் டென்மார்க், நார்வே பக்கத்திலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் நிலம் பிடித்துக் குடியேறினார்கள். வந்தவர்கள் உழவர்களாகவும் இருந்ததால் அவர்களுடைய தொழுவத்துச் சொற்களும் அங்கேயே தங்கிவிட்டன. டேனிஷ் மொழியில் ‘மோக்’ என்றால் சாணம், ‘டுங்கெ’ என்றால் குவியல். இரண்டையும் சேர்த்துச் சொல்லச் சொல்ல நடுவில் இருந்த ககரம் தேய்ந்து ‘மோடிங்’ ஆயிற்று. 14ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துகளில் இது ‘மிடிங்’ என்று இருக்கிறது. பிறகு கடைசி அசையும் தளர்ந்து ‘மிடன்’ என்று நின்றது. ஆங்கிலத்தில் சாணத்தையும் சகதியையும் குறிக்கும் ‘மக்’ என்ற சொல், இதே ‘மோக்’கின் உடன்பிறப்பு. ஆகவே எழுத்துக்கு எழுத்து பார்த்தால் ‘சாணக் குவியல்’தான் மூலப்பொருள்.

‘குப்பைமேடு’ என்பது அந்த மேட்டில் என்னென்ன விழுந்தன என்பதால் வந்த பொருள். தொழுவத்திலிருந்து வாரிய சாணமும் மூத்திரம் ஊறிய வைக்கோலும்தான் அடிப்படை. அதன்மேல் அடுப்புச் சாம்பல், வீட்டைப் பெருக்கிய தூசு, எலும்பு, காய்கறிக் கழிவு எல்லாம் கொட்டினார்கள். குளிர்காலம் முழுக்க மாடு கொட்டிலிலேயே நிற்கும் நாட்டில், வசந்தத்தில் வயலுக்குப் போகவேண்டிய சத்து அத்தனையும் சேமித்து வைத்த இடம் அது. எருதான் மாவுப்பெட்டிக்குத் தாய் என்று வட இங்கிலாந்தில் பழமொழியே உண்டு.

ஆனால் தெருவில் குவித்தால் தண்டம் கட்ட வேண்டும். 1552 ஏப்ரலில் ஸ்ட்ராட்ஃபோர்டின் ஹென்லி தெருவில் அனுமதியில்லாமல் எருமேடு போட்டதற்காக ஜான் ஷேக்ஸ்பியருக்கு ஒரு ஷில்லிங் தண்டம் விதித்தார்கள். நாடகாசிரியர் வில்லியம் ஷேக்ஸ்பியரின் தகப்பனார் அவர். அவர் அந்த ஊரில் இருந்ததற்கு நமக்குக் கிடைக்கும் முதல் ஆவணமே இந்தத் தண்டப் பதிவுதான். அதில் மேட்டின் பெயர் லத்தீனில் இருக்கிறது: ‘ஸ்டெர்குவினாரியம்’. நீதிமன்றத்து எழுத்தர் லத்தீனில் எழுதினார், தெருவில் நின்றவர்கள் தங்கள் வட்டாரச் சொல்லால் அழைத்தார்கள். இத்தகைய சொற்களுக்குப் பழைய எழுத்துச் சான்று குறைவாகக் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சொல்லின் மதிப்பு சரிந்தது 19ஆம் நூற்றாண்டில். வடக்கு ஆலை நகரங்களில் வரிசை வீடுகளுக்குப் பின்னால் கழிப்பிடத்தையும் சாம்பல் குழியையும் சேர்த்துக் கட்டி, அதையும் ‘மிடன்’ என்றே அழைத்தார்கள். 1831-32இல் காலரா வந்தது. 1848இல் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. இன்னொரு பக்கம், 1840களில் பெரு நாட்டிலிருந்து கடற்பறவை எச்சம் கப்பல் கப்பலாக இறங்கியது. 1842இல் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை கொடுக்கப்பட்டது. வயலில் எருமேட்டின் தேவை குறைந்த அதே காலத்தில் ஊரில் அதன்மேல் அச்சம் கூடியது. இன்று ஸ்காட்லாந்தில் ஒருவருடைய அறையை ‘மிடன்’ என்றால் அலங்கோலமாகக் கிடக்கிறது என்று திட்டுவதாகப் பொருள். உங்கள் மகள் படிக்கும் கதையில் பண்ணை முற்றம் வந்தால் ‘எருமேடு’ என்று கொள்ளலாம். ஒருவரை ஏசும் இடமானால் ‘குப்பைமேடு’ பொருந்தும்.

கேள்வி: “மூரைத் தாண்டி மணப்பதைவிட மிக்சனைத் தாண்டி மணப்பது நல்லது” என்று ஓர் ஆங்கிலப் பழமொழி இருக்கிறதாமே. மிக்சன் என்றால் என்ன? கலத்தல் என்று பொருள்படும் ‘மிக்ஸ்’தானா?
— வாசகர், தெம்பனிஸ்

பதில்: மிக்சனும் எருமேடுதான். இது டேனியர் கொண்டுவந்த சொல் அன்று. அவர்களுக்கு முன்பே இங்கிலாந்தில் புழங்கிய பழைய ஆங்கிலச் சொல். வடக்கில் மிடன் வேரூன்றியபோது மத்தியிலும் மேற்கிலும் தெற்கிலும் மிக்சன் நிலைத்தது. ஒரே பொருளுக்கு இரண்டு வட்டாரச் சொல் இருப்பது நமக்குப் புதிதல்ல: தமிழ்நாட்டில் ‘சாணி’ என்பதை யாழ்ப்பாணத்தார் ‘சாணகம்’ என்பார்கள்.

பழமொழி செஷர் பகுதியைச் சேர்ந்தது. 1662இல் அச்சான தாமஸ் ஃபுல்லரின் நூலில் இருக்கிறது. ‘மூர்’ என்பது புல்லும் புதரும் மட்டும் வளரும் ஆளரவமற்ற மேட்டுநிலம். அதைக் கடந்து முன்பின் தெரியாத ஊரில் பெண் எடுப்பதைவிட, கொல்லை எருமேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டில் எடுப்பது மேல் என்கிறது. பக்கத்து வீட்டுக்காரரின் குணமும் குறையும் தெரியும், அவர் தொழுவத்தில் எத்தனை மாடு என்பதும் தெரியும். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் முடித்த நம் பெரியவர்களுக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

‘மிக்ஸ்’ என்ற வினை லத்தீனிலிருந்து வந்தது. இதற்கு உறவில்லை. எருமேட்டில் பலவும் கலந்து கிடப்பதால் இந்த ஊகம் எளிதில் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே. மிக்சனின் அடி, சாணம் என்று பொருள்படும் ‘மெயொக்ஸ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல். ஜெர்மனில் இன்றும் சாணத்துக்கு ‘மிஸ்ட்’ என்பார்கள். ஆங்கிலத்தில் மூடுபனிக்குச் சொல்லும் ‘மிஸ்ட்’ வேறு.

இந்த வேரை இன்னும் பின்னால் கொண்டுபோனால் சிறுநீர் கழித்தல் என்ற பொருளுள்ள ஓர் இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல்லில் போய் நிற்கும். லத்தீன் ‘மிங்கெரே’ அதிலிருந்து வந்தது. சமஸ்கிருத ‘மேஹ’ என்பதும் அதுதான். அந்த ‘மேஹ’ தமிழுக்கு வந்து ‘மேகநோய்’, நீரிழிவைக் குறிக்கும் ‘மதுமேகம்’ என்று சித்த மருத்துவத்தில் வழங்குகிறது. செஷர் பண்ணையின் எருமேடும் நம் வைத்தியரின் மதுமேகமும் ஒரே வேரில் கிளைத்தவை. அகராதி படிப்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்!

சொல்லின் வயதைக் காட்ட ஒரு சேவல் பழமொழி உதவும். தன் எருமேட்டில் சேவலுக்குப் பலம் அதிகம் என்று முதல் நூற்றாண்டிலேயே ரோமில் செனகா லத்தீனில் எழுதினார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், துறவுப் பெண்களுக்காக எழுதிய ஆங்கில வழிகாட்டி நூல் ஒன்றில் அதே சேவல் ‘மிக்சன்’மேல் நிற்கிறது. ஸ்காட்லாந்தில் ‘மிடன்’மேல் கூவுகிறது. பொது ஆங்கிலத்தில் ‘டங்ஹில்’மேல் ஏறுகிறது. சேவல் ஒன்றுதான், மேட்டின் பெயர்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. நம் ‘தன் ஊருக்கு ஆனை, அயலூருக்குப் பூனை’ பக்கத்தில் வைக்கத்தக்கது.

இத்தகைய சொல்லை அகராதியில் தேடுபவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடினால் பாதிச் சான்றுகள் தப்பிவிடும். பழைய படிகளில் ‘ஐ’ இருக்குமிடத்தில் ‘ஒய்’ இருக்கும். மிடனுக்குக் கடைசியில் ‘ஐஎன்ஜி’ இருக்கும். மிக்சனுக்கு ‘என்’னுக்குப் பின் ‘ஈ’ ஒட்டியிருக்கும். முதலில் வரலாற்று அகராதியில் எழுத்துவடிவப் பட்டியலைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் வட்டார அகராதி. ஊர்ப்பெயர் அகராதியையும் விடவேண்டாம். கதையிலும் கவிதையிலும் நுழையாத சொல் நிலத்தின் பெயரில் ஒளிந்திருக்கும்.

கேள்வி: ‘டஞ்சன்’ என்ற பாதாளச் சிறை, ‘டங்’ என்ற சாணத்திலிருந்து வந்ததா?
— வாசகர், பிடோக்

பதில்: இல்லை. டஞ்சன் பிரெஞ்சு வழியாக வந்தது. கோட்டையின் தலைமைக் கோபுரத்தைக் குறித்த சொல். பெரும்பாலானோர் அதை ‘தலைவன்’ என்ற லத்தீன் சொல்லோடு இணைக்கிறார்கள். ஆனால் இந்தக் குழப்பத்துக்குப் பின்னால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஜெர்மானியர்கள் நிலத்தடியில் அறை தோண்டி, குளிர் இறங்காமலிருக்க மேலே கனமாகச் சாணத்தைப் போட்டு மூடுவார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அந்த அறைக்கும் சாணத்துக்கும் அங்கே ஒரே குடும்பத்துச் சொல்தான் இருந்தது. மிடனில் உள்ள ‘டுங்கெ’வும் அந்தக் குடும்பமே.

கேள்வி: அருங்காட்சியகக் குறிப்புகளில் ‘ஷெல் மிடன்’ என்று வருகிறதே. சிப்பிக்கும் சாணத்துக்கும் என்ன தொடர்பு?
— வாசகர், செங்காங்

பதில்: தொடர்பு ‘கொட்டிய மேடு’ என்பதில் மட்டும். டென்மார்க் கடற்கரைகளில் மலைபோல் கிடந்த சிப்பிகள் கடல் ஒதுக்கியவையா, மனிதர் தின்று போட்டவையா என்று ஆராய 1848இல் ஒரு குழு அமைத்தார்கள். விலங்கியலாளர் ஸ்டீன்ஸ்ட்ரப், நிலவியலாளர் ஃபோர்க்ஹாமர், தொல்லியலாளர் வோர்சா என மூன்று பேர். சிப்பிகளுக்கிடையே கல்லாயுதமும் அடுப்புக் கரியும் விலங்கெலும்பும் இருந்தன. கடல் ஒதுக்கிய மேட்டில் அடுப்பு இருக்காது. அதனால் அதற்கு ‘சமையலறை எருமேடு’ என்று பொருள்படும்படி ‘கோக்கன்மோடிங்’ என்று பெயர் வைத்தார்கள். 1860களில் அது ‘கிச்சன் மிடன்’ என்று ஆங்கிலத்துக்கு வந்தது. பண்ணைச் சொல்லாக ஆயிரம் ஆண்டுக்கு முன் வந்த அதே டேனிஷ் சொல், ஆய்வுச் சொல்லாக இரண்டாம் முறை கடல் கடந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் உள்ள குவார் கெப்பா. சுண்ணாம்பு சுடுவதற்காகவே அங்கிருந்த சிப்பி மேடுகளைப் பெருமளவு வெட்டி எடுத்துவிட்டார்கள். 1934இல் அகழாய்வு நடந்தது. 2017இல் அங்கே காட்சிக்கூடம் கட்டத் தோண்டும்போது 5,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. ‘பினாங்குப் பெண்’ என்று அழைக்கிறார்கள்.

சிப்பி மேட்டில் எலும்பு நிலைப்பதற்குக் காரணம் உண்டு. நம் வட்டாரத்து மண் மழையில் ஊறிப் புளித்த மண், எலும்பைக் கரைத்துவிடும். சிப்பியின் சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறித்துவிடுகிறது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவில் ஸ்காரா பிரே என்ற 5,000 ஆண்டுப் பழைய ஊரில் வேறு பயன்: கல்வீடுகளைச் சுற்றிலும் மிடன் மண்ணை அணைத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்றும் குளிரும் புகாது.

கேள்வி: தமிழில் ‘குப்பை’ என்றாலே கழிவுதானே? எருவுக்கும் அதே சொல்லைச் சிலர் சொல்கிறார்களே, அது பிழையா?
— வாசகர், ஈசூன்

பதில்: பிழையே இல்லை, அதுதான் பழைய வழக்குக்கு நெருக்கம். குப்பையின் முதற்பொருள் குவியல். குவி, குவை, குப்பல் எல்லாம் ஒரு கொடியின் காய்கள். தெலுங்கில் ‘குப்ப’ என்றால் இன்றும் குவியல்தான்.

புறநானூறு 116ஆம் பாடலைப் பாருங்கள். பாரி இறந்தபின் அவன் மகளிர் முள்வேலி போட்ட சிறுவீட்டில் இருக்கிறார்கள். முற்றத்தில் பஞ்சு கிடக்கிறது. பக்கத்தில் பீர்க்கு முளைத்திருக்கிறது, சுரை படர்ந்திருக்கிறது. அங்கே ‘ஈத்திலைக் குப்பை’மேல் ஏறி நின்று, உமணரின் உப்பு வண்டிகளை அந்தப் பெண்கள் எண்ணுகிறார்கள். ஈத்திலைக் குப்பை என்பது ஈந்தின் இலைகள் குவிந்த மேடு. மலைநாட்டு அரசன் மகளிர் நிற்க இன்று கிடைத்த உயரம் அவ்வளவுதான் என்பதைக் கபிலர் அந்த ஒரு சொல்லில் வைத்துவிட்டார். சுரையும் பீர்க்கும் அந்த இடத்தில் வருவதும் பொருத்தம். மேட்டில் சத்து இருக்கும், நீர் தேங்காது. கிராமத்தில் இன்றும் சுரைவிதையைக் குப்பைமேட்டு ஓரத்தில்தான் ஊன்றுவார்கள்.

உழவர் பேச்சில் ‘வயலுக்குக் குப்பை அடித்தாயிற்றா’ என்றால் தொழு உரம் கொண்டுபோய்க் கொட்டியாயிற்றா என்று பொருள். ஹெக்டேருக்கு 12.5 டன் என்பது தமிழ்நாட்டில் வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவு. குப்பைமேனி, குப்பைக்கீரை என்ற பெயர்களும் அந்தச் செடிகள் எங்கே செழிக்கும் என்பதைச் சொல்பவை. ‘குப்பை உயரும், கோபுரம் தாழும்’ என்ற பழமொழியிலும் மேடு என்ற பொருள் இருந்தால்தான் உயர்வு தாழ்வு பொருந்தும்.

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டில் குப்பை என்பது பையில் கட்டிக் குழாய்க்குள் போடுவது. அது எரிந்து சாம்பலாகி, 1999இல் திறந்த செமக்காவ் நிரப்பிடத்துக்குப் போகிறது. வயலுக்குத் திரும்பாத பொருளுக்குக் கழிவு என்ற பொருள் மட்டும் மிஞ்சியதில் வியப்பில்லை. மிடனுக்கு நேர்ந்ததும் இதுதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: மிடன் சாணத்தில் தொடங்கிக் குப்பைக்கு வந்தது, குப்பை குவியலில் தொடங்கிக் கழிவுக்கு வந்தது.

கேள்வி: சமூகத் தோட்டத்தில் மூன்றடி உயரத்துக்கு மட்குக் குவியல் போட்டோம். பெரும்பாலும் காய்கறித் தோலும் பழத்தோலும். மேலே தார்ப்பாய் போர்த்தினோம். இரண்டு வாரமாகியும் சூடு ஏறவில்லை, அழுகிய முட்டை நாற்றம் வருகிறது. அந்தக் காலத்து எருமேடு மட்டும் எப்படி வெந்தது?
— வாசகர், அங் மோ கியோ

பதில்: அந்தக் காலத்து மேட்டில் சாணத்தோடு வைக்கோல் இருந்தது. உங்கள் குவியலில் அது இல்லை. வைக்கோல் இரண்டு வேலை செய்கிறது: நுண்ணுயிருக்குக் கரிச்சத்தைக் கொடுக்கிறது, உள்ளே காற்று போக வழி விடுகிறது. கரியும் தழைச்சத்தும் ஏறக்குறைய 30க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால் மேடு நன்றாக வேகும். காய்கறித் தோலில் அது 15 முதல் 20க்கு 1, காய்ந்த இலையில் 50க்கு மேல். தோலை மட்டும் குவித்தால் நீர் விட்டுக் களியாகி, காற்றில்லாமல் அழுகும். முட்டை நாற்றத்துக்குக் காரணம் அதுவே. மூக்கை அரிக்கும் அமோனியா வாடை வந்தால் வேறு நோய்: காற்று இருக்கிறது, தழைச்சத்து மிஞ்சிவிட்டது.

குவியலைப் பிரித்து மறுபடி கட்டுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டருக்குக் குறையக்கூடாது. சிறிய மேடு உண்டாக்கும் சூட்டை அப்போதைக்கப்போது இழந்துவிடும். அடியில் விரல் பருமனுள்ள குச்சிகளை ஒரு சாண் உயரத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புங்கள். அதன்மேல் காய்ந்த இலை மூன்று வாளி, பச்சைக் கழிவு ஒரு வாளி என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். இலையை நொறுக்கிப் போடுங்கள். முழு இலை தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். சாணம் கிடைக்காத இடத்தில் மூட்டையில் விற்கும் கோழி எருவை அடுக்குக்கு இரண்டு கைப்பிடி தூவலாம். அதற்குமேல் வேண்டாம், தழைச்சத்து மிக அதிகம். சமைத்த சோறு, மீன், இறைச்சி எதுவும் சேர்க்காதீர்கள், எலி வந்துவிடும். கடைசியில் நான்கு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை மூடவேண்டும்.

ஈரம் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுகப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் இலை சேருங்கள், பிடி உதிர்ந்தால் நீர் தெளியுங்கள். நம் ஊர் மழைக்குக் கூரை கட்டாயம். தார்ப்பாயைக் குவியல்மேல் படுக்கவிடாமல் கழி நட்டுச் சரிவாகக் கட்டுங்கள். படுத்தால் காற்று போகாது, மடிப்புகளில் நீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிடும்.

இரண்டு மூன்று நாளில் சூடு ஏறத் தொடங்கும். ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து இழுங்கள். கையில் பிடித்துக்கொண்டிருக்க முடியாத சூடு என்றால் நல்ல வேக்காடு. சந்தைக் கடைகளில் கிடைக்கும் நீளமான வெப்பமானியில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் காட்டவேண்டும். களைவிதையும் நோய்க்கிருமியும் சாக 55க்கு மேல் தொடர்ந்து மூன்று நாளாவது இருக்கவேண்டும். அந்தச் சூடு நடுவில்தான் இருக்கும். ஆகவே 45க்குக் கீழே இறங்கும்போதெல்லாம் வெளிப்பகுதி உள்ளே போகும்படி புரட்டுங்கள். மூன்று நான்கு புரட்டலுக்குப் பின் புரட்டினாலும் சூடு ஏறாது. பிறகு ஒன்றிரண்டு மாதம் ஆறவிடுங்கள்.

புரட்டும்போது கட்டைவிரல் பருமனில், பழுப்புத் தலையோடு, சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழு வந்தால் பொறுக்கி அழித்துவிடுங்கள். காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். வளர்ந்த வண்டு தென்னங்குருத்தைக் குடையும். மட்கின எருமேடுதான் அதற்குப் பிறந்தகம்.

இடமிருந்தால் இரண்டு மேடு வையுங்கள். ஒன்றில் இந்த ஆண்டுக் கழிவு சேரட்டும், மற்றதிலிருந்து பழைய எருவை எடுங்கள். ரோமானியப் பண்ணைகளில் இதையேதான் செய்தார்கள். ஈரம் கீழே இறங்கி வீணாகாதபடி குழியின் அடித்தளத்தையும் கெட்டிப்படுத்தி வைத்தார்கள்.

கேள்வி: தமிழில் ‘மிடன்’ என்று எழுதுவதா, ‘மிட்டன்’ என்றா?
— வாசகர், ஜூரோங்

பதில்: மிடன். இரண்டு உயிருக்கு நடுவே வரும் ஒற்றை டகரம் மென்மையாக ஒலிக்கும். ‘மிட்டன்’ என்று இரட்டித்தால் வல்லொலியாகி, குளிருக்குப் போடும் கையுறை ஆகிவிடும். மொழிபெயர்ப்பவர்கள் பண்ணையில் ‘எருமேடு’ என்றும், தொல்லியலில் ‘சிப்பிமேடு’ என்றும் எழுதினால் ஆங்கிலச் சொல்லைக் கொண்டுவரவே தேவையில்லை.